கோடுகளில் ‘ராசா’ என்று பின்னலாம்

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மகன் படிக்க கனடா கிளம்புகிறான். அவனுக்கு ஒரு மஃப்ளர் பின்ன ஆசை. பெயரைப் போட்டால் கூச்சப்படுவான். வீட்டில் அவனை ‘ராசா’ என்றுதான் கூப்பிடுவோம். கோடுகளுக்குள்ளேயே எங்கள் வீட்டுச் சேதி எதையாவது மறைத்து வைக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும், சகோதரி. வெளிநாடுகளில், எழுத்துகளைப் புள்ளியும் நீள்குறியுமாகக் காட்டும் மோர்ஸ் குறியீட்டை வைத்துப் பின்னுவார்கள். புள்ளிக்கு மெல்லிய கோடு, நீள்குறிக்கு அகலக் கோடு. அது ஆங்கில எழுத்துக்குச் சரி. நமக்கு அதைவிட நல்ல கணக்கு கையிலேயே இருக்கிறது: உயிர் 12, மெய் 18. எழுத்தின் வரிசை எண்ணையே கோட்டின் அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். மெய்க்கு நீலம், உயிருக்கு வெள்ளை.

ர் பன்னிரண்டாவது மெய், ஆ இரண்டாவது உயிர், ச் மூன்றாவது மெய். ஆக ‘ராசா’ என்பது நீலம் 12, வெள்ளை 2, நீலம் 3, வெள்ளை 2. பார்க்கிறவர்களுக்கு வெறும் டிசைன்தான்.

எண்ண வேண்டியது வரிசையை அல்ல, மேட்டை. எல்லா வரிசையையும் நிட் என்ற சாதாரணப் பின்னலாகவே பின்னினால் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும். இப்படி எண்ணினால் 3 போன்ற ஒற்றைப்படையிலும் நூல் அதே ஓரத்துக்கே திரும்பி வந்துவிடும், நடுவில் அறுக்க வேண்டாம். நிறத்தை மட்டும் எப்போதும் முன்பக்கத்தில் மாற்றுங்கள். மாறுகிற இடத்தில் மறுபக்கம் இரண்டு நிறமும் விட்டு விட்டுக் கலந்து தெரியும். அது முன்னால் வந்தால் எண்ணவே முடியாது.

இன்னொன்றும் சேர்க்கலாம், எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற நாட்கள். மஃப்ளரின் நடுவில், கழுத்தைச் சுற்றும் இடத்தில், மூன்றாவது நிறத்தில் 61 மேடு பின்னுங்கள். நடுத்தர நூலும் 4 மி.மீ. ஊசியும் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 5 மேடு வரும். அப்படியென்றால் ஓர் அடி. இரண்டு முனையிலும் ‘ராசா’. முடிக்கிற முனையில் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: வெள்ளை 2, நீலம் 3, வெள்ளை 2, நீலம் 12. அப்போதுதான் எந்த முனையைப் பிடித்து எண்ணினாலும் பெயர் சரியாக வரும். மிச்ச நீளம் முழுக்கச் சாம்பல் நிறம் போதும். பிறந்த தேதி, படகு எண் என்று மேலும் திணிக்காதீர்கள். அவன் விரலால் தடவியே எண்ண முடிய வேண்டும்.

அப்புறம் நூல். அந்தக் குளிருக்கு வெறும் அக்ரிலிக் போதாது, கம்பளி கலந்ததாகக் கேளுங்கள். வாங்குவதற்கு முன் உருண்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபோனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு நிறம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள். ஒரே நிற உருண்டைகளில் சாய லாட் எண்ணும் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கு லேபிளில் போடும் எண்) ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் போடாத கோடு ஒன்று நடுவில் தெரியும்.

பின்னும்போது ஐந்து மேட்டுக்கு ஒரு ஊக்கு மாட்டி எண்ணுங்கள். 12 போய் 13 ஆனால் ர், ல் ஆகிவிடும்.