மகள் படத்தை மங்கலாக்கிக்கொண்டிருக்கிறாள், இதில் வேலை உண்டா?

பிளஸ் டூ கணினி அறிவியல் பிரிவில் படிக்கும் மகள் ராத்திரி முழுக்க பிளெண்டர் என்கிற முப்பரிமாணப் படம் வரையும் மென்பொருளில் உட்கார்ந்து 'ஃபோகஸ் சரியா வரல' என்று புலம்புவதாகவும், அதை விளையாட்டு என்பதா படிப்பு என்பதா என்று தெரியவில்லை என்றும், புது லேப்டாப் வாங்கித்தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படிப்புதான் அம்மா, அதுவும் கணக்கும் இயற்பியலும் கலந்த படிப்பு.

கணினி வரையும் படத்தில் நிஜ லென்ஸ் கிடையாது. எளிய முறையில் வரைந்தால் பக்கத்தில் இருக்கும் டம்ளரும் தூரத்து மலையும் ஒரே கூர்மையில் தெரியும். கேமராவில் எடுத்ததுபோல் இருக்க வேண்டுமென்றால் லென்ஸ் தரும் மங்கலையும் கணக்குப் போட்டுக் கொண்டுவர வேண்டும். 1984-ல் லூகாஸ்ஃபிலிம் என்ற அமெரிக்க சினிமா நிறுவனத்தில் இருந்த குக், போர்ட்டர், கார்ப்பென்டர் மூவரும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒளிக்கதிர்களை லென்ஸின் பரப்பு முழுவதிலும், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதிலும் பரவலாக அனுப்பிச் சராசரி எடுக்க வேண்டும். ஃபோகஸ் மங்கல், அசைவு மங்கல் இரண்டும் கிடைத்துவிடும். கதிர்கள் போதாவிட்டால் படம் புள்ளி புள்ளியாக வரும். அந்தப் புள்ளிகளைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். அவள் படிக்கும் நிகழ்தகவின் அடுத்த படிதான் இது.

குறுக்கு வழியும் உண்டு. படத்தைக் கூர்மையாகவே எடுத்து, அதில் தெரியும் ஒவ்வொரு இடமும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்துப் பிறகு மங்கலாக்கலாம். வேகமான வழி, ஆனால் விளிம்புகளில் காலை வாரும். முன்னால் நிற்பவரின் மங்கிய ஓரம் வழியாகத் தெரியவேண்டிய பின்னணி, எடுத்த படத்தில் பதிவாகியே இருக்காது. அதைச் சரிசெய்யும் காம்பாசிட்டருக்கு, அதாவது பல படத் துண்டுகளைச் சேர்த்து ஒரே காட்சியாக்குபவருக்கு, ஸ்டுடியோக்களில் வேலை உண்டு. ரெண்டரர், அதாவது படத்தைக் கணக்குப் போட்டு வரையும் நிரல், எழுதுபவர்களும் போன் கேமராவுக்குப் பின்னணி மங்கல் எழுதுபவர்களும் மென்பொருள் துறை ஆட்கள். இரண்டும் வேறு வேறு பாதை.

கண் நுணுக்கமும் புகைப்பட ஆர்வமும் உள்ளவளுக்கு முதலாவதான காம்பாசிட்டர் வேலை. அதற்குப் பொறியியல் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் படத்துக்குப் படம் ஒப்பந்த வேலை, ரிலீஸ் நெருங்கினால் தூக்கம் போய்விடும். இரண்டாவதான மென்பொருள் வேலைக்குக் கணினி அறிவியல் பட்டம், நேரியல் இயற்கணிதம், சி++ நிரல்மொழி வேண்டும். என்னைக் கேட்டால், கணக்கு பிடிக்கும் பிள்ளை இரண்டாவதில் சேரட்டும். அங்கிருந்து முதலாவதுக்கு வருவது சுலபம், திரும்பிப் போவது கஷ்டம். பட்டனை மட்டும் சொல்லித்தரும் மூன்று மாத கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். பிளெண்டரே இலவசம்தான்.

அவள் எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு பயிற்சி. லென்ஸ் கேமரா ஒன்றை இரவல் வாங்கி, மேசையில் மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்து, நடுவில் இருப்பதை மட்டும் ஃபோகஸ் செய்து படம் எடுக்கட்டும். போனின் போர்ட்ரெயிட் மோட் கூடாது, அந்த மங்கலே கணினி போட்டதுதான். அப்புறம் அதே குவியத்தூரம், அதே எஃப் எண் (லென்ஸ் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதன் அளவு), அதே சென்சார் அளவு வைத்துப் பிளெண்டரில் செய்யட்டும். இரண்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று அவள் நோட்டில் எழுதுவதை எனக்கு அனுப்புங்கள். புது லேப்டாப் பற்றி அதன்பிறகு பேசலாம்.