பொழுதுபோக்கின் மீதுள்ள ஆர்வத்தை ஆங்கிலத்தில் இயல்பாகச் சொல்வது எப்படி? ‘ஐயாம் இன்ட்ரஸ்டட் இன்’ தவிர வேறு சொற்கள் உண்டா?

நிறையவே உண்டு. நான் முதலில் கற்றது ‘இன்டு’. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசைக்காரர் ‘ஐயாம் ரியலி இன்டு பேர்ட்ஸ்’ என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்குப் பாடத்து இன்டுதான்: இரண்டு இன்டு மூன்று ஆறு. பறவைகளை எதோடு பெருக்குகிறார் என்று விழித்துக்கொண்டிருந்தபோது, கைபேசியில் ஒரு மீன்கொத்தியின் படத்தை நீட்டினார். விடியற்காலையில் ஆற்றங்கரையில் காத்துக் கிடந்து எடுத்ததாம். அந்த ஈடுபாட்டுக்குத்தான் ‘இன்டு’.

‘இன்ட்ரஸ்டட்’ தவறில்லை. ஆனால் வாடகை வீட்டு விளம்பரத்தைப் பார்த்து விசாரிப்பவரும் அதையேதான் சொல்வார். சூடு ஆறிய சொல்.

பிரிட்டனில் ‘கீன் ஆன்’ என்பதை அடிக்கடி கேட்கலாம். அதற்கு மேல் ஒரு படி ஏறினால் ‘மேட் அபௌட்’, ‘கிரேஸி அபௌட்’. நாம் ‘கிரிக்கெட் பைத்தியம்’ என்கிறோமே, அதேதான். ‘ஹுக்ட் ஆன்’ என்றால் தூண்டிலில் மாட்டிய மீன். புதிதாகப் பிடித்துக்கொண்டு விட முடியாமல் தவிக்கும் எதற்கும் பொருந்தும். இவற்றையடுத்து வினைச்சொல் வந்தால் ‘இங்’ சேர்க்க வேண்டும்: ‘இன்டு பெயின்ட்’ அல்ல, ‘இன்டு பெயின்டிங்’. நம்மவர்கள் வழுக்கும் இடம் இது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘பஃப்’. சினிமாவில் ஊறியவர் ‘ஃபிலிம் பஃப்’, வரலாற்றில் ஊறியவர் ‘ஹிஸ்டரி பஃப்’. நியூயார்க்கின் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் ஒரு காலத்தில் மங்கிய மஞ்சள் நிறச் சீருடை அணிந்தார்கள். அந்த நிறத்துக்குப் பெயர் பஃப். எங்கே தீப்பிடித்தாலும் வேடிக்கை பார்க்க ஓடிய ஆர்வலர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தீயை விட்டுவிட்டு ஆர்வம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

‘அனோரக்’ என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். அது தலைமூடி வைத்த குளிர் மேலங்கி. அதைப் போட்டுக்கொண்டு நடைமேடை ஓரத்தில் ரயில் எஞ்சின் எண்களைப் பொழுதுபோக்காகக் குறித்துக்கொண்டு நிற்பவர்களைக் கேலி செய்த சொல், இப்போது எதையும் அளவு மீறி ஆராய்பவரைக் குறிக்கிறது. நம் பறவைக்காரர் தன்னையே ‘பிட் ஆஃப் அன் அனோரக்’ என்று சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் நானும் அவரை அப்படிச் சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அவருடைய பறவைப் படங்கள் முழுவதையும் நான் பொறுமையாகப் பார்த்து முடித்த பிறகுதான் பழையபடி பேசினார்.