“பால் பத்தலையோ?” கேட்காத யோசனைக்கு என்ன பதில்?

கேள்வி: குழந்தை பிறந்து 40 நாள் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், “பால் பத்தலை போல, பவுடர் பால் குடு” என்கிறார்கள். சாயங்காலம் ஆனால் அழுகை நிற்காததால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்ன சொல்லிச் சமாளிப்பது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தடுமாறினால்தான் அடுத்தவர் பேச்சு எடுபடும். அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது. சாயங்கால அழுகை 6 வாரத்தையொட்டித்தான் உச்சத்துக்குப் போகும், 3, 4 மாதத்தில் தானே அடங்கும்.

பார்க்க வேண்டியவை ஈரத்துணியும் எடையும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை 24 மணி நேரத்தில் 6 தடவையாவது சிறுநீர் போக வேண்டும். டயப்பர் போட்டால் கணக்குப் பிடிபடாது. ஒருநாள் துணி கட்டி எண்ணுங்கள். எடை வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏறினால் போதும். ஒரே தராசில், உடுப்பில்லாமல் போடுங்கள். பலர் தவறுவது கணக்கில்தான். பிறந்த சில நாளில் எடை குறையும், திரும்பப் பழைய எடைக்கு வரவே 10 முதல் 14 நாள் ஆகும். பிறந்த எடையிலிருந்து வாரக்கணக்குப் போட்டால் குறைவாகத்தான் தெரியும். ஈரத்துணி குறைந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

தேவையில்லாமல் புட்டிப்பால் கொடுத்தால், குழந்தை கூடுதல் நேரம் தூங்கும், மார்பில் சப்புவது குறையும். சப்பாவிட்டால் பால் சுரப்பும் குறையும். “அன்னிக்கே சொன்னேனே!” என்பது அதன்பிறகு உண்மையாகிவிடும்.

வந்தவர்களிடம் இதையெல்லாம் விளக்காதீர்கள். ஒரு காரணம் சொன்னால் அதற்கொரு மறுப்பு வரும், “அந்தக் காலத்துல நாங்க பிள்ளை வளர்க்கலையா?” என்பதில் போய் நிற்கும். “போன வாரம்தான் எடை போட்டோம் பெரியம்மா, நல்லா ஏறியிருக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, “இந்தத் துணியைக் கொஞ்சம் மடிச்சுத் தர்றீங்களா?” என்று கையில் வேலை கொடுங்கள். அக்கறையில் பேசுபவர் மடித்துத் தருவார். மற்றவர் கிளம்பிவிடுவார்.

கேள்வி: மாமியார் உரை மருந்து, தேன், மூக்கில் எண்ணெய் என்று தினம் ஒன்று சொல்கிறார். எதற்குத்தான் விட்டுக்கொடுப்பது?
– ஒரு வாசகி, தேனி

பதில்: வாய், மூக்கு, காது, கண் இந்த நான்குக்குள் போகும் எதற்கும் ‘வேண்டாம்’தான். 6 மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. தேனில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். வீட்டில் காய்ச்சினாலும் அவை சாகாது. அதனால் பிறந்ததும் நாக்கில் சேனை தொட்டு வைப்பது உட்பட, 1 வயது வரை தேன் கூடாது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பேர் வைத்திருக்கிறோம், அத்தையைக் குறை சொல்லி என்ன செய்ய? ஆனாலும் உரசிப் புகட்ட வேண்டாம்.

மற்றதில் தாராளமாக இருங்கள். உடம்புக்கு எண்ணெய் தேய்க்கட்டும், உள்ளங்காலில் திருஷ்டிப் பொட்டு வைக்கட்டும், கண்ணுக்கு மட்டும் மை வேண்டாம். வசம்பு வளையல் கட்டினால், குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகத் தொடங்கும்போது கழற்றிவிடுங்கள். நான்கு விஷயத்தில் விட்டுக்கொடுத்தால்தான் ஐந்தாவதில் சொல்லும் ‘வேண்டாம்’ காதில் விழும்.

அந்த ‘வேண்டாம்’ உங்கள் கணவர் வாயிலிருந்து வரட்டும். விருந்தாளி முன்னால் அல்ல, அம்மாவும் மகனும் தனியாக இருக்கும்போது. மருமகள் சொன்னால் அவமரியாதை, மகன் சொன்னால் ‘டாக்டர் சொல்லியிருக்கார்’. நியாயமில்லைதான், நடப்பு அது. அடுத்த தடுப்பூசிக்கு அத்தையையும் அழைத்துப்போய், மருந்து பற்றி மருத்துவரிடம் அவரையே கேட்கச் சொல்வது இன்னும் நல்லது.

கேள்வி: முதல் குழந்தைக்கு 8 மாதம்தான். “அடுத்தது எப்போ?” என்பவர்களுக்கு?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: “யோசிக்கிறோம்” என்று மட்டும் சொல்லாதீர்கள், உங்களோடு சேர்ந்து அவர்களும் யோசிப்பார்கள். பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அது உங்கள் இருவருக்கும் தெரிந்தால் போதும். வெளியே சொன்னால் 25-ஆம் மாதம் வாசலில் வந்து நிற்பார்கள். “அதை நாங்க பார்த்துக்கறோம் சித்தி, காபியா டீயா?”