சிவிதவெக்கியாவில் இறங்கினால் ரோம் வந்துவிடாது

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வரும் மே மாதம் பார்சிலோனாவில் கப்பல் ஏறி, ஏழு இரவு மத்தியதரைக் கடலில் போகிறோம். மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ், வலெட்டா, ஒரு நாள் முழுக்கக் கடல், மறுபடி பார்சிலோனா. நான், மனைவி, பத்து வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஒவ்வொரு ஊரிலும் கப்பல்காரர்கள் விற்கும் எக்ஸ்கர்ஷனை எடுத்தால் செலவு எங்கேயோ போகிறது. நாங்களே இறங்கிச் சுற்றிப் பார்க்க முடியாதா?"

முடியும், ரோமைத் தவிர.

உங்கள் அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்கப் போவது சிவிதவெக்கியாவில். அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். 'புளோரன்ஸ்' என்று போட்டிருந்தால் அது லிவோர்னோ. 'வெனிஸ்' என்று போட்டிருந்தால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்: 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டிப் போக 2021 ஆகஸ்டிலிருந்து தடை. பெரிய கப்பல்கள் சில வெனிஸுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள மார்கேராவிலும், சில ராவென்னா, திரியெஸ்தே வரை போயும் நிற்கின்றன. பட்டியலில் ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள்.

சரி, ரோம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குப் பன்னிரண்டு மணி நேரம். இறங்க அனுமதி கிடைத்து, துறைமுக பஸ்ஸில் லார்கோ தெல்லா பாச்சே நிறுத்தத்துக்கு வந்து, அங்கிருந்து ஸ்டேஷன் போய், டிக்கெட் எடுத்து ரயில் ஏறும்போது ஒன்பது மணி ஆகிவிடும். ரோமின் தெர்மினி ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். மாலை 6.30-க்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டுமென்றால், நான் மதியம் 3.30-க்கு மேல் ரோமில் நிற்க மாட்டேன். கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். அதில் கொலோசியமும் வாடிகனும் இரண்டும் என்றால் அம்மாவின் முழங்கால் பாடு திண்டாட்டம்தான்.

இதில் ரயில் வேலைநிறுத்தம் வேறு. இத்தாலியில் 'ஷோப்பெரோ' அடிக்கடி வரும் சங்கதி, முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் குறிப்பிட்ட சில கட்டாயம் ஓட வேண்டும் என்பது விதி. காலையில் அந்த ரயிலைப் பிடித்து ரோம் போய்விடுவீர்கள். திரும்ப வேண்டிய மதியத்தில்தான் எதுவும் ஓடாது. எனக்கே ஒருமுறை நடந்தது: பயணிகள் நான்கு பேர் சேர்ந்து டாக்சிக்குப் பணம் போட்டு, ஏணியை எடுப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் துறைமுகம் வந்து சேர்ந்தோம். அந்த டாக்சிக் கூலிக்கு இரண்டு எக்ஸ்கர்ஷன் எடுத்திருக்கலாம்.

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் நீங்கள் காசு கொடுப்பது வழிகாட்டிக்கு அல்ல, உத்தரவாதத்துக்கு. அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது; அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். ஆனால் முழுச் சுற்றுலா தேவையில்லை. பெரும்பாலான கப்பல்களில் ரோமுக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்ப அழைத்துவரும் பஸ் மட்டும் தனியாக விற்பார்கள். அதை எடுங்கள். அப்புறம் வாடிகன், கொலோசியம் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். புதன்கிழமை விழுந்தால் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடக்கும், காலையில் புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியாது. ஞாயிறு என்றால் மாதக் கடைசி ஞாயிறு தவிர வாடிகன் அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

மற்ற ஊர்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

ஜெனோவாவில் கப்பல் முனையத்துக்குப் பக்கத்திலேயே பிரின்சிபே ரயில் நிலையம், அதைத் தாண்டினால் பழைய ஊர். 'கருஜ்ஜி' என்று சொல்லும் சந்துகள், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. எதுவானாலும் அங்கே 'ஃபரினாத்தா' சாப்பிடுங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டு, ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் வெட்டித் தருவார்கள். அம்மாவுக்கு நம் அடை ஞாபகம் வரும். மகளுக்கு அங்குள்ள பெரிய மீன் காட்சியகம் போதும். கப்பலிலிருந்து நடந்தே போகும் தூரம்.

மார்செய்யில் முனையம் ஊருக்கு வடக்கே தள்ளி இருக்கிறது, ஷட்டில் பஸ் எடுத்தே ஆக வேண்டும். பழைய துறைமுகத்தில் காலையில் படகிலிருந்து இறக்கி மீன் விற்பார்கள். அங்கிருந்து 60-ஆம் எண் பஸ் மலைமேல் உள்ள நோத்ர தாம் த லா கார்து தேவாலயத்துக்கு ஏற்றிவிடும். இந்த ஊருக்கு அரை நாள் போதும்.

நேப்பிள்ஸில் கப்பல் நகரத்தின் வாசலிலேயே நிற்கும். பழைய ரோமானிய நகரமான பாம்பேய் போக கரிபால்தி ஸ்டேஷனில் சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூட்டம் அதிகம், பர்ஸை முன்பக்கம் வையுங்கள். பாம்பேயில் 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி, டிக்கெட்டில் பெயரும் இருக்கும், வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து மூடிய தெருக்கள் அப்படியே கிடக்கின்றன. சாலையைக் கடக்க நடுவில் போட்ட உயரமான மிதிகற்கள், அவற்றுக்கிடையே வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம். மகளை அந்தப் பள்ளத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கற்கள் முழங்கால் வலிக்கு எதிரி, நிழலும் குறைவு. ஆம்பிதியேட்டர் வாசலில் தொடங்கும் சமதளப் பாதை ஒன்று உண்டு, மூன்று கிலோமீட்டருக்கும் மேல். அதுவும் முடியாதென்றால் அம்மாவும் நீங்களும் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்; பாம்பேயில் எடுத்த சிறந்த மொசைக்குகளும் ஓவியங்களும் அங்கேதான் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.

விசா: ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா நான்கும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரை 45. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். கப்பல் ஏறுமுன் பார்சிலோனாவில் தங்கும் நாட்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். மல்டிபிள் என்ட்ரி கேளுங்கள். வானிலையால் பாதை மாறி துனிஸ் பக்கம் ஒதுங்கினால் ஷெங்கனை விட்டு வெளியே போனதாகிவிடும். பார்சிலோனாவுக்கு ஒரு நாளாவது முன்னதாக விமானத்தில் போய் இறங்குங்கள்.

இன்னும் மூன்று சின்ன விஷயம். கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கேபினுக்கு வரும் தாளில் இருக்கும் போர்ட் ஏஜென்டின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். கப்பல் கரையை விட்டதும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் போன் தானாகக் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடிக்கும், சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. வாட்ஸாப்பில் நாலு போட்டோ இறங்கினாலே பில் எகிறிவிடும்.

மால்டாவின் வலெட்டாவில் எந்த டூரும் வேண்டாம். கப்பல் கிராண்ட் ஹார்பருக்குள் நுழையும்போது அம்மாவை மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், இரண்டு பக்கமும் தேன் நிறக் கோட்டைச் சுவர்கள் தொட்டுவிடும் தூரத்தில் வரும். இறங்கியதும் கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் லிப்ட். படி ஏறாமலே 58 மீட்டர் உயரத்தில் உள்ள அப்பர் பராக்கா தோட்டத்தில் விட்டுவிடும். 12 மணிக்குக் கீழே பீரங்கி வெடிப்பார்கள். அதைத் தவறவிட்டாலும் 4 மணிக்கு இன்னொரு முறை வெடிப்பார்கள். அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், சத்தம் கொஞ்சம் பலமாகவே இருக்கும்.