வீடியோவில் புரிகிறது, கோயில் சுவரில் புரியவில்லை!

கேள்வி: அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, மாதக்கணக்காக யூடியூபில் வகுப்புகள் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் போய் நின்றால் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. பணம் கட்டி ஆன்லைன் கோர்ஸில் சேரச் சொல்கிறான் மகன். சேரலாமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வீடியோவில் படிப்பது வகுப்பு எடுப்பவர். நீங்கள் தலையாட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் செல்போனுக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது. முன்பெல்லாம் கல்வெட்டை வீட்டில் வைத்துப் படிக்க வேண்டுமென்றால் ஈரத்தாளைச் சுவரில் ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுக்க வேண்டும். அது தொல்லியல் துறை ஆட்களின் வேலை. இன்று காலை, மாலைச் சாய்வெயிலில் ஒரு படம் போதும். வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். (சுண்ணாம்புப் பொடி, மாவு எதையும் கல்லில் பூசிவிடாதீர்கள். படம் எடுக்கத் தடையுள்ள இடத்தில் எடுக்கவும் வேண்டாம்.)

முதலில் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழ்பாடும் வரிகளை, மனப்பாடம் செய்யுங்கள். ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கும். அவன் கல்வெட்டுகள் பலவற்றில் இதே வரிகள் திரும்பத் திரும்ப வரும். என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரிந்தால் கண்ணுக்கு எழுத்து மட்டும்தான் வேலை. அங்கே பெரும்பாலும் புள்ளி இருக்காது, ‘செல்வி’ ‘செலவி’யாகத்தான் நிற்பாள். எகரம், ஏகாரம் வேறுபாடும் கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ஓடும் பஸ்ஸில், மங்கிய விளக்கில் டிக்கெட் கிழித்தவருக்கு இதெல்லாம் பழகிவிடும்.

அப்புறம், படத்தைப் பெரிதாக்கி ஒரு வரியை நீங்களே நோட்டில் எழுதுங்கள். எழுதிய பிறகுதான் விடையைப் பார்க்க வேண்டும். விடை எங்கே? பெரிய கோயில் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் 1891 முதல் அச்சில் கொண்டுவந்தார். அது தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 2ஆம் தொகுதி, இணையத்தில் இலவசம். மற்ற ஊர்க் கல்வெட்டுகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் தொல்லியல் துறை நூல்கள் இருக்கின்றன. கல்லும் விடையும் ஒரே கைக்குள் வந்திருக்கின்றன. பழைய தலைமுறைக்கு இந்த வசதி கிடைக்கவில்லை.

சில மாதம் இப்படிப் படித்த பிறகும் கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால் சேருங்கள். பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: நான் படித்து அனுப்பும் வரியைத் திருத்தித் தருவீர்களா? ‘வீடியோவை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம் சார்’ என்று பதில் வந்தால், மகனிடம் சொல்லி அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல டார்ச் வாங்கித் தரச் சொல்லுங்கள்.