பெயரையும் பரதத்தையும் மறைக்க வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். மகள் 12ஆம் வகுப்பு. பத்து வருஷமாகப் பரதம் ஆடுகிறாள். இந்திய வம்சாவளி என்று தெரிந்தால் பெரிய கல்லூரிகளில் இடம் கிடைக்காது, கல்லூரி விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையில் பரதத்தைப் பற்றி மூச்சே விடாதீர்கள் என்கிறார்கள் நண்பர்கள். அப்படியா?

பதில்: மறைக்க வேண்டாம். பெயரைப் பார்த்தாலே தெரிகிற விஷயத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

நண்பர்களின் பயம் வெறும் கற்பனை இல்லை. சேர்க்கையில் ஆசிய வம்சாவளி மாணவர்களுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேல் போட்ட வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, அவர்களுக்கு ஆளுமை மதிப்பீடு (குணநலன்களுக்குச் சேர்க்கை அலுவலகம் போடும் மதிப்பெண்) சராசரியாகக் குறைவாகவே விழுந்திருந்தது. அந்த வழக்கில்தான் 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது செல்லாது என்றது. கூடவே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இன்னொன்றும் சொன்னார்: இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் எழுதலாம், ஆனால் கல்லூரி அதில் பார்க்க வேண்டியது அந்தப் பிள்ளையின் துணிவையும் திறமையையும்தான்.

ஆக, பரதத்தைப் பற்றி எழுதுவதில் தவறில்லை. "பரதம் எனக்கு ஒழுக்கம் கற்றுத் தந்தது" என்று எழுதினால்தான் சிக்கல். சேர்க்கை அதிகாரி அதை எத்தனையோ முறை படித்திருப்பார். சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்குப் பாட்டை வெட்டி ஒட்டிக் கொடுப்பது உங்கள் மகளா? நடுவில் பாட்டு நின்றுபோன அன்று என்ன செய்தாள்? அதை எழுதட்டும். அவளே எழுதட்டும், அப்பா அம்மா கைபட்ட கட்டுரை இரண்டு வரியில் காட்டிக் கொடுத்துவிடும்.

நியாயம் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அதே வழக்கின் தரவில், ஹார்வர்டில் இடம் கிடைத்த வெள்ளை இன மாணவர்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், ஊழியர்களின் பிள்ளைகள், நன்கொடைத் தொடர்பு உள்ளவர்கள். அதை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் விண்ணப்பிக்கும் கல்லூரிகளைப் பட்டியல் போடும்போது கவனிக்கலாம்: எம்.ஐ.டி., ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இரண்டிலும் முன்னாள் மாணவரின் வாரிசு என்பதற்குச் சலுகை கிடையாது.

அப்புறம், 'எர்லி டிசிஷன்', அதாவது ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே உறுதி கொடுத்து விண்ணப்பிப்பது. இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். மற்ற கல்லூரிகள் தரும் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. வசதியுள்ள வீடுகளுக்கே அது தோதானது. கல்லூரியின் இணையதளத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்கும்; உதவித்தொகை போக நீங்கள் தோராயமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று அது காட்டும். அதில் வீட்டு வருமானத்தைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.