அலுவலக விருந்தில் நடந்துகொள்வது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கூட்டம் என்றாலே எனக்குக் கூச்சம். ஆண்டு இறுதி விருந்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: கட்டாயம் என்று அறிவிக்கப்படாத வரையில் தாராளமாகத் தவிர்க்கலாம். ஆனால் வருவீர்களா, மாட்டீர்களா என்பதைக் கேட்ட தேதிக்குள் சொல்லிவிடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் உணவுக்குச் சொல்லியிருப்பார்கள். போவதென்று முடிவு செய்தால், தொடக்கத்திலேயே போய்விடுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் தாமதமாக நுழைவதே எளிது என்று நினைக்கிறார்கள். அதற்குள் அவரவர் வட்டம் கூடி, பேச்சு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் உள்ளே புகுவது இன்னும் கடினமாகிவிடும். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, ஏற்பாடு செய்தவரிடம் நன்றி சொல்லிக் கிளம்பினால் யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

கேள்வி: நான் மது அருந்துவதில்லை. ஏன், என்ன காரணம் என்று சக ஊழியர்கள் நச்சரிக்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: "வேண்டாம், நன்றி" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. கையில் பழச்சாறோ சோடாவோ இருந்தால் பெரும்பாலும் கேள்வியே எழாது. கோப்பையை இடக்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கைகுலுக்க நீட்டும் வலக்கை குளிர்ந்து ஈரமாக இருக்காது. வற்புறுத்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஒருவர் மறுப்பதற்கு மருந்து, கர்ப்பம், சமய நம்பிக்கை, குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருவது என எதுவும் காரணமாக இருக்கலாம்; நாலு பேர் நடுவில் அதைத் துருவுவது நாகரிகமல்ல.

அருந்துபவர்கள் முதலில் சாப்பிட்டுவிடுவது நல்லது, ஏனெனில் வெறும் வயிற்றில் மது வேகமாக இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் தனக்கென ஒரு வேகத்தில்தான் அதை வெளியேற்றும். காபியோ குளிர்ந்த நீரோ அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

கேள்வி: சென்ற வாரம் நடந்த விருந்தில் மூத்த அதிகாரி ஒருவர் என் தோளில் கைபோட்டு, நடனமாட வரும்படி பலமுறை வற்புறுத்தினார். "அலுவலக நேரம் முடிந்த பிறகு நடந்ததுதானே, விட்டுவிடு" என்கிறார்கள் தோழிகள். புகார் கொடுக்கலாமா அம்மா?

பதில்: கொடுக்கலாம். நேரம் முடிந்துவிட்டது என்ற வாதம் செல்லாது. பணியிட வன்முறை, துன்புறுத்தல் குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட 190ஆம் எண் உடன்படிக்கையின் 3ஆவது பிரிவு, பணி சார்ந்த பயணங்களோடு நிகழ்ச்சிகளையும் சமூக ஒன்றுகூடல்களையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நிறுவனத்தின் விதிமுறைகளையும் பாருங்கள். புகாருக்குக் காலவரம்பு இருக்கக்கூடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

இன்றைக்கே உட்கார்ந்து எழுதிவையுங்கள்: எத்தனை மணி, மண்டபத்தின் எந்தப் பக்கம், அருகில் யார் யார், அவர் சொன்னது என்ன, நீங்கள் சொன்னது என்ன. வார்த்தைகளை மெருகேற்றாமல், பேசியபடியே எழுதுங்கள். உங்கள் தோழிகளும் "விட்டுவிடு" என்று அறிவுரை சொல்வதை நிறுத்திவிட்டு, தாங்கள் கண்டதை எழுதித் தந்தால் உண்மையான உதவியாக இருக்கும். இப்படியொன்று கண்ணெதிரே நடக்கும்போது, "உங்களை அங்கே தேடுகிறார்கள், வாருங்கள்" என்று சொல்லி அந்தப் பெண்ணை அங்கிருந்து அழைத்துச் செல்வதற்குப் பெரிய துணிச்சல் எதுவும் தேவையில்லை.

கேள்வி: அண்மையில் குழுத் தலைவராகப் பதவி உயர்வு பெற்றேன். விருந்தில் பழையபடி நண்பனாகவே பழகலாமா?

பதில்: பழகலாம், ஆனால் பதவியைக் கழற்றி வைத்துவிட்டு விருந்துக்குள் நுழைய முடியாது. உங்கள் நகைச்சுவைக்கு இப்போது கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்கள், அதை நம்பிவிடாதீர்கள். யாருக்கு இடமாற்றம், யாருக்குச் சம்பள உயர்வு என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. நீங்கள் விளையாட்டாகச் சொன்னதுகூட மறுநாள் காலையில் செய்தியாகிவிடும். குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும், குறிப்பாகத் தனியாக நிற்பவரிடம், ஓரிரு நிமிடங்களாவது பேசுங்கள். பிறகு மற்றவர்களுக்கு முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். தலைவர் கிளம்பிய பிறகுதான் பலருக்கும் விருந்து தொடங்கும் என்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: விருந்துப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பதில்: படத்தில் இருப்பவர்கள் சம்மதித்தால் போடலாம். சாப்பிடும்போதும் ஆடும்போதும் எடுத்தவற்றை விட்டுவிடுங்கள்.

கேள்வி: சற்று அதிகமாகக் குடித்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் மேலாளரிடம் சம்பளத்தைப் பற்றிக் குறைகூறிவிட்டேன். என்ன செய்வது?

பதில்: அடுத்த வேலைநாளில், அவர் தனியாக இருக்கும்போது நேரில் சென்று, "அன்று நான் பேசிய இடமும் விதமும் தவறு, மன்னியுங்கள்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். நீண்ட மின்னஞ்சல் வேண்டாம்; அது கோப்பில் தங்கிவிடும். குடிபோதையைக் காரணம் காட்டவும் வேண்டாம். சம்பளக் குறை உண்மையானதாக இருந்தால், சில வாரங்கள் கழித்து, செய்த வேலைகளின் பட்டியலோடு முறையாக நேரம் கேட்டுப் பேசுங்கள். மன்னிப்புக் கேட்கும்போதே அதையும் எடுத்தால் இரண்டுமே கெட்டுவிடும்.